மருந்து பாட்டிலில் ஒரு எண்!

குழந்தைகளே! வீட்டில் இருமல் மருந்து பாட்டில் இருந்தால், அம்மாவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். (நீங்களாகத் திறக்கக் கூடாது!) லேபிளில் பொடி எழுத்தில் 'பேட்ச் நம்பர்' என்று ஒன்று இருக்கும். ஒரே தடவையில் தயாரித்து நிரப்பிய பாட்டில்கள் எல்லாவற்றுக்கும் அந்த எண் ஒன்றுதான். அது எதற்கு என்று தெரியுமா?

2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில், இருமல் மருந்து குடித்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த மருந்து 'கோல்ட்ரிப்'. தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்!

அக்டோபர் 1-ஆம் தேதி அங்கிருந்து தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தகவல் வந்தது. அன்று ஆயுத பூஜை விடுமுறை. ஆனாலும் அதிகாரிகள் அன்றே ஆலைக்குப் போனார்கள். 'எஸ்.ஆர்.-13' என்ற பேட்ச் மருந்து, சென்னையில் உள்ள அரசு ஆய்வகத்துக்குப் போனது. மறுநாளே முடிவு வந்துவிட்டது. அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு! மருந்தில் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் போலவே இதுவும் நிறமில்லாமல், கொழகொழவென்று, லேசாக இனிக்கும். சோதித்தால் ஒழியத் தெரியாது. உடனே விற்பனைக்குத் தடை வந்தது. பிறகு ஆலையின் உரிமமும் ரத்தானது.

இந்தச் சோதனை முன்பே நடந்திருந்தால்? ஆலையை ஒழுங்காக ஆய்வு செய்யத் தவறியதாக இரண்டு மருந்து ஆய்வாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்த வேலையின் பொறுப்பு அப்படி.

மருந்து ஆய்வாளர் யார்? பெரும்பாலும் பி.பார்ம். படித்தவர்தான். மருந்தாளுநர் என்றால் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் என்று ஸ்ரீரங்கத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்!

அவர் எப்படி வேலை செய்வார்? திருச்சி தில்லைநகரில் ஒரு மருந்துக்கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தேகமான மருந்தைச் சும்மா எடுத்துப்போக மாட்டார். நியாயமான விலையைக் கொடுப்பார். கடைக்காரர் கண்ணெதிரே அதை நான்கு பங்காக்கி முத்திரை வைப்பார். பிரித்தால் கெட்டுவிடும் என்றால் நான்கு பாட்டில்களாகவே எடுப்பார். ஒரு பங்கு கடைக்காரரிடமே இருக்கும். ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, இன்னொன்று அந்த மருந்தைக் கடைக்காரருக்கு விற்றவருக்கு. 'நடுவில் மருந்தை மாற்றிவிட்டார்கள்' என்று பின்னால் யாரும் சொல்ல முடியாதே! 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு இது.

தடுப்பூசி என்றால் காவல் இன்னும் பலம். இமாசலப் பிரதேசத்தில் கசௌலி என்ற மலை ஊரில் மத்திய மருந்து ஆய்வகம் இருக்கிறது. அதுபோன்ற அரசு ஆய்வகம் 'சரி' என்று சொன்ன பிறகே ஒரு பேட்ச் தடுப்பூசி வெளியே வரும். ஆனால் வழியில் வெயில் பட்டுவிட்டால்? அதுவும் நம் திருச்சி வெயில்! அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும், அதற்குள் ஒரு குட்டிச் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. சூடு படப்பட சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால், காலாவதித் தேதி பாக்கி இருந்தாலும் அதைக் கொடுக்கக் கூடாது. முகாம் நாளில் நர்ஸ் அம்மாவிடம் கேட்டு, குப்பியைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். "சார், இது வெள்ளை! போடலாம்!" என்று ஒரு வாண்டு உத்தரவே போட்டுவிட்டான்.

மருந்து சாப்பிட்ட பிறகு தடிப்போ, மயக்கமோ, சிறுநீர் குறைவதோ தெரிந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். முதலில் டாக்டர். பிறகு, மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. அதுவரை பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பொடி எழுத்து எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.