நோய் வராத எலியின் சாட்சி

கொழும்பில் சீனி வருத்தம் என்றால் வயதானவர்களே நினைவுக்கு வருவர். பிள்ளைகளிலும் தொடங்கும் முதலாம் வகை வேறு: உடலின் நோயெதிர்ப்புக் கலங்களே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழிக்கின்றன. ஜப்பானின் ஷியோனோகி ஆய்வுகூடத்தில் உருவாகி 1980இல் அறிவிக்கப்பட்ட என்.ஓ.டி. சுண்டெலிகளில் இது தானாகவே வருகிறது, பெண் எலிகளில் கூடுதலாக. ஆனால் அவற்றின் நெருங்கிய உறவான என்.ஓ.ஆர். எலிகளுக்குச் சலரோகம் வருவதில்லை. புதுக்கடை நீதிமன்றத்தில் இரு சாட்சிகளை அடுத்தடுத்து விசாரிப்பது போல இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை வெளிவரும். மரபணுத்தொகையில் ஏறக்குறைய 88 வீதம் பொதுவானது. ஆபத்தைத் தரும் முக்கிய மரபணுத் தொகுதியும் இரண்டிலும் ஒன்றே. ஆகவே காப்பு எஞ்சிய சிறுபங்கில்தான் இருக்கவேண்டும். ஆபத்தான மரபணு இருந்தால் நோய் நிச்சயம் என்பது பிழை. நோய் வராத இன்னொரு இனத்தின் ஐ.டி.டி.3 என்ற நிறமூர்த்தத் துண்டைக் கலப்பின் வழி என்.ஓ.டி.க்குள் கொண்டுவந்தபோதும் நோய் வெகுவாகக் குறைந்தது. நோயெதிர்ப்புக் கலங்களை ஒழுங்குபடுத்தும் புரதமான இன்டர்லூக்கின்-2இன் மரபணு அங்கேதான் உள்ளது.

எலி மனிதனல்ல, எலியில் பலித்த பல சிகிச்சைகள் மனிதரில் தோற்றன என்பது நியாயமான மறுப்பு. ஆயினும் இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் மரபணு மனிதரிலும் இந்நோயோடு தொடர்புடையது. 1994இல் பாரிஸ் ஆய்வாளர்கள் என்.ஓ.டி. எலிகளில் நோயைப் பின்வாங்கச் செய்த வழியிலேயே, அதாவது நோயெதிர்ப்புக் கலங்களின் சி.டி.3 மூலக்கூறைப் பற்றும் பிறபொருளெதிரியாகவே, டெப்லிசுமாப் மருந்தும் செயற்படுகிறது. நோய் வெளிப்படுவதைத் தாமதப்படுத்த அமெரிக்கா அதை 2022இல் அனுமதித்தது.