சர்க்கரை நோயாளியும் மாலைத் தேநீரும்



சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் வழியில் உள்ள குமராட்சி, நெல் விளையும் ஊர். வயல் வேலைக்கு நடுவே களைப்புத் தீர ஒரு டீ, அதனுடன் ஒரு பன்னோ பஜ்ஜியோ சாப்பிடுவது இங்கு வழக்கம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பலர் சோற்றைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. "டீதானே குடித்தேன்" என்கிறார்கள்.

கணக்குப் பார்ப்போம். ஒரு டம்ளர் டீயில் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் சுமார் 10 கிராம். நாளைக்கு நான்கு டீ குடித்தால் 40 கிராம். பன், பிஸ்கட்டில் உள்ள மைதாவும், அரிசிப் பொரியும் விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகின்றன. பயறு வகைகளில் நார்ச்சத்தும் புரதமும் இருப்பதால் அவை மெதுவாகச் செரிக்கின்றன.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. டீயைச் சீனி இல்லாமல் குடித்துப் பழகுங்கள். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றுபவையே.

2. அரை கப் கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு சுண்டல், அல்லது ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும்.

3. வடை பருப்பில் செய்ததுதான். ஆனால் எண்ணெய் அதிகம். என்றாவது ஒன்று போதும்.

4. சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டிலும் மாவு உண்டு. அதையும் கணக்கில் சேருங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பட்டினி கிடக்க வேண்டாம். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் வேலை செய்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், படபடப்பு இதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. கடலூருக்கு அடுத்துள்ள புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு உண்டு. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தினால் மாத்திரை வீடு தேடி வருகிறது. டீயுடன் எதைத் தின்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆராதனை முடிந்து சபையார் கூடித் தேநீர் அருந்தும்போது, கேக்குத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் சுண்டலும், சீனி போடாத டீயும் வையுங்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கேக்கை வாங்கிக்கொள்பவர் உங்கள் பக்கத்திலேயே அமர்ந்திருக்கலாம்.