கண்ணில் திரை இறங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள்

கண்ணுக்குள் திடீரென்று கூட்டமாகப் பூச்சி பறக்கிறது, ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, ஒரு பக்கமாகக் கறுப்புத் திரை இறங்குகிறது. இதற்குப் போய்க் கண்ணாடிக் கடையில் பவர் மாற்றுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். ‘வீட்டுக் கல்யாணம் முடியட்டும்’ என்று தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. விழித்திரை கிழிவதற்கும் பிரிவதற்கும் அடையாளம் இவை. வலி துளியும் இருக்காது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். நடுப்பகுதியான மேகுலா ஒட்டியிருக்கும்போதே அறுவைசிகிச்சை நடந்தால் பார்வை பெரும்பாலும் தப்பும். அதுவும் பிரிந்தபின் ஒட்டவைத்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்புவது அரிது. அன்றைக்கே போங்கள். கண்புரை மட்டும் பார்க்கும் இடம் போதாது. ‘விழித்திரை டாக்டர் இருக்கிறாரா?’ என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் திரை இறங்கும்வரை காத்திருக்கவே கூடாது. பார்வை தெளிவாக இருக்கும்போதே உள்ளே ரத்தக்குழாய் கசியும். ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கசிவால் வரும் மேகுலா வீக்கத்தை அளந்து காட்டுவது ஓசிடி ஸ்கேன். அதில் ஊசி கிடையாது. கையில் சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராம் வேறு. அதற்குமுன் ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் சொல்லிவிடுங்கள். மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம்.

இனி பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வந்தபிறகு தேடி அலைகிறார்கள். குடும்ப அட்டை, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று, இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு இப்போதே போங்கள். குடும்ப அட்டையில் பெயர் விடுபட்டிருந்தால் முதலில் அதைச் சேர்த்துவிடுங்கள். ‘நாளைக்கு வா’ என்று அலைக்கழிக்கும் அலுவலர்களுக்கு, விழித்திரைக்கு நாளை என்பது எவ்வளவு தாமதம் என்று தெரிவதில்லை. அட்டை இல்லையென்று சிகிச்சையை நிறுத்தாதீர்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைக்கு நேரே போய்விடுங்கள். தனியார் மருத்துவமனையில், விழித்திரை அறுவைசிகிச்சைக்குத் திட்டத்தில் அனுமதி உண்டா, விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் எண்ணெய் ஏற்றினால் பிறகு அதை எடுக்கும் இரண்டாவது அறுவைசிகிச்சைக்கும் உண்டா என்று முன்பே கேளுங்கள்.

அறுவைசிகிச்சையில் எண்ணெய்க்குப் பதிலாகக் கண்ணுக்குள் வாயு ஏற்றியிருந்தால், அது முழுதாகக் கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை விமானமும் கூடாது, ஊட்டி கொடைக்கானலும் கூடாது. உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறும், பார்வையே போகலாம். வேறு அறுவைசிகிச்சைக்கு மயக்கம் கொடுப்பவரிடமும் இதைச் சொல்லுங்கள். திரும்பச் சொல்கிறேன்: மலைக்குப் போகாதீர்கள்.

ஸ்கேன் படங்கள், வீடு திரும்பும்போது தரும் சுருக்கம், ஏற்றியது வாயுவா எண்ணெயா என்ற குறிப்பு, எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் அலட்சியத்தால் பார்வை போயிருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். அங்கே அந்த நகலும் ஸ்கேனும்தான் உங்களுக்காகப் பேசும் சாட்சி.