குறைந்துவரும் ஊரின் கொலைக் கணக்கு

அமெரிக்காவின் நியூஜெர்ஸி ராஜ்யத்தில், டெலாவேர் நதிக்கரையில் பிலடெல்பியா மாநகரை எதிர்நோக்கி நிற்கும் காம்டன் என்ற சிறு நகரத்தில் 2012ஆம் வருஷம் 67 பேர் கொலையுண்டார்கள்; 2024இல் அந்தத் தொகை 17 ஆகக் குறைந்தது. இவ்விரண்டு எண்களை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்கள் ஊர் பிழைத்துக்கொண்டது என்று மகிழக்கூடும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஜனங்கள் வெளியேறிவரும் ஊர் அது என்பதை அறிந்தவர்களோ, ஜனம் குறைந்ததால் குற்றமும் குறைந்திருக்கிறது, இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று கூறக்கூடும். இரண்டு அபிப்பிராயங்களும் அவசரத்தில் பிறந்தவை என்றே எனக்குப் படுகிறது.

1950ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி காம்டனில் 1,24,555 பேர் வசித்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது 30,000க்கும் மேற்பட்ட தொழிலாளிகளைக் கொண்டு யுத்தக் கப்பல்களைக் கட்டிய தளமும், நம் வீட்டு இசைத்தட்டுகளில் பார்த்துப் பழகிய அந்த நாய்ச் சித்திரத்தையே தன் முத்திரையாகக் கொண்டிருந்த விக்டர் கிராமபோன் கம்பெனியும், காம்ப்பெல் சூப் ஆலையும் அவர்களுக்குச் சோறு போட்டன. கப்பல் தளம் 1967இல் மூடப்பட்டது. 1971இல், போர்ட்டோ ரிக்கோக்காரர் ஒருவரைப் போலீஸார் அடித்ததையொட்டி மூண்ட கலகத்துக்குப் பிறகு, மிஞ்சியிருந்த வெள்ளைக் குடும்பங்களும் கடைக்காரர்களும் பெருவாரியாகப் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். 1990இல் சூப் ஆலையும் மூடியது. 2020ஆம் வருஷக் கணக்கெடுப்பில் ஊரில் இருந்தவர்கள் 71,791 பேர்.

குற்றத்தை அளப்பவர்கள் லட்சம் பேருக்கு இத்தனை கொலை என்று விகிதம் கட்டுவது வழக்கம். 2012இல் காம்டனின் விகிதம் ஏறக்குறைய 87. தேசத்தின் விகிதமோ ஐந்துக்கும் குறைவு. அதே 67 கொலைகள் 1950ஆம் வருஷத்து ஜனத்தொகையில் நிகழ்ந்திருந்தால் விகிதம் 54 ஆகவே இருந்திருக்கும். இதைக் கொண்டு, விகிதம் வெறும் கணக்குச் சாதுரியம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஏனெனில் வேறு ஊரில் வேலை தேடிக்கொள்ளும் வயதும் படிப்பும், வீட்டை விற்றாலும் விற்காவிட்டாலும் வண்டி பிடித்துப் போகும் வசதியும் உள்ளவர்கள் முதலில் போய்விட, போக இயலாத ஏழைகளும், அவர்களுடைய பிள்ளைகளும், பூட்டிக் கிடக்கும் வீடுகளும், அந்த வீடுகளின் வாசலில் பகிரங்கமாக நடக்கும் போதைமருந்து வியாபாரமும் ஒரே தெருவில் மிஞ்சுகின்றன. எஞ்சியவர்களில் ஒருவருடைய சுபாவமும் கெடாமலேயே, அவர்கள் தலைமேல் விழும் ஆபத்தின் பங்கு பெருகிவிடுகிறது. அந்தப் பங்கைத்தான் விகிதம் காட்டுகிறது.

ஆனால் சிறிய ஊரில் ஒரு வருஷத்து விகிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது. காம்டனில் ஒரு கொலை கூடினாலோ குறைந்தாலோ விகிதம் ஏறக்குறைய 1.4 அளவுக்கு அசைந்துவிடும். 2014இல் 33 ஆக இருந்த கொலைகள் 2016இல் 44 ஆக ஏறி, மறுவருஷமே 23 ஆக இறங்கின. அந்த ஏற்றத்தைக் கண்டு புலம்பியவர்களும் இறக்கத்தைக் கண்டு முரசறைந்தவர்களும் ஒருங்கே ஏமாந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெளிவாகிறது: 2010க்கும் 2020க்கும் இடையே ஜனத்தொகை நூற்றுக்கு ஏழு பங்கே குறைந்திருக்க, 2012 முதல் 2024 வரை கொலைகளோ நான்கில் மூன்று பங்கு குறைந்தன. ஜனங்கள் போனதால் கொலையும் போயிற்று என்ற வாதம் இங்கே நிற்காது.

அப்படியானால் காரணம் எது? 2011 ஜனவரியில், வரி வருமானம் வற்றிப்போன நகரசபை, போலீஸ் படையில் ஏறக்குறையப் பாதியை, அதாவது 168 பேரை, வேலையிலிருந்து நீக்கிற்று. மறுவருஷம் கொலைகள் உச்சத்தை எட்டின. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவையாக, நகரசபைக் கட்டடத்தின் முன் புல்தரையில் ஜனங்கள் நட்டுவைத்தார்கள். காவலரைக் குறைத்த அந்தச் சிக்கனம் மன்னிக்கத் தகாதது என்பதே என் துணிபு. 2013 மே மாதம் பழைய படை முழுவதையும் கலைத்துவிட்டு, கௌண்டி என்னும் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் புதிய படை ஒன்றை அமைத்தார்கள். காவலர்கள் காரைவிட்டு இறங்கித் தெருத்தெருவாக நடந்தார்கள். குண்டடிபட்டவரை, ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல், தங்கள் வண்டியிலேயே ஏற்றி ஊரிலுள்ள கூப்பர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். (கொலைக் கணக்கு குறைவதில் காவலருக்கு மட்டுமின்றி அறுவை வைத்தியருக்கும் பங்கு உண்டு என்பது பலருக்கும் தோன்றாத விஷயம்.)

ஆரம்பத்தில் அந்தப் படை நல்ல பெயர் எடுக்கவில்லை. சைக்கிளில் மணி இல்லை, கார்க் கண்ணாடி கறுப்பு என்றெல்லாம் ஏழைகளுக்கு அபராதச் சீட்டு எழுதிக் குவித்தது. மிதமிஞ்சிய பலாத்காரம் பற்றி 2014இல் 65 புகார்கள் எழுந்தன. வேறு வழியில்லாத கடைசி நிலையில்தான் பலத்தைப் பிரயோகிக்கலாம் என்று 2019இல் விதி வகுப்பதற்குள் அந்தப் புகார்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. வீதியில் நடப்பதைப் பற்றிச் சாட்சி சொல்ல அஞ்சிய ஜனங்கள் வாய் திறப்பதற்கு இந்த மாறுதல் மிகவும் உதவியிருக்கும் என்று நம்புகிறேன்.

2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பர் போலீஸாரால் கொல்லப்பட்டபோது, போலீஸே வேண்டாம் என்றவர்கள் காம்டனை உதாரணம் காட்டினார்கள். அங்கே நடந்தது அதற்கு நேர்மாறானது: பழைய படையைக் கலைத்த பின் காவலர் தொகை ஏறக்குறைய 400 ஆக உயர்ந்தது. நகரத்தின் சொந்த வரியால் தாங்கக்கூடிய செலவல்ல அது. ராஜ்ய சர்க்காரின் பணம் தொடர்ந்து வருவதால்தான் நடக்கிறது. 2024ஆம் வருஷத்து 17 கொலைகளையும் விகிதமாக்கினால் லட்சத்துக்கு ஏறக்குறைய 24 ஆகிறது. தேசத்தின் விகிதத்தைப் போல் அப்போதும் ஐந்து மடங்குக்கு அருகில். இந்நிலையில் அந்தப் பணத்தைக் குறைக்கலாம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையாவது யோசனை சொன்னால், அவரிடம் 2011ஆம் வருஷத்து ஏட்டை எடுத்துக் காட்டவேண்டும்.