மிஞ்சிய பாதி ஐசியை என்ன செய்வது?

பெங்களூரு அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் எஸ்.பி. ரோடு: ஐசி, போர்டு, டிரான்ஸ்ஃபார்மர் தேடி ஆம்ப்ளிஃபயர் கட்டுபவர்கள் போகும் தெரு. புதிதாகக் கட்டுபவர்கள் பலர் தொடங்குவது சான்யோவின் 4440 ஐசியில்தான். அதற்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. ஒரே ஸ்பீக்கர் என்றால் ஒரு பாதி மிஞ்சும். "பிரிட்ஜ் போட்டுவிடு" என்பார்கள். ஐசி சும்மா இருக்கிறது என்பது பிரிட்ஜ் போடக் காரணமே அல்ல. ஸ்பீக்கரின் ஓமையும் சப்ளையின் வோல்ட்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பிரிட்ஜில் ஸ்பீக்கரின் ஒரு முனை ஒரு பாதியிலும் மறுமுனை மறு பாதியிலும் சேரும்; எதுவும் கிரவுண்டுக்குப் போகாது. இரண்டாம் பாதிக்குச் சிக்னல் தலைகீழாகப் போவதால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, ஸ்பீக்கருக்கு இரு மடங்கு வோல்ட் கிடைக்கிறது. வோல்ட் இரட்டித்தால் வாட் நான்கு மடங்காக வேண்டும். ஆனால் 4440-இன் டேட்டாஷீட்டில் 13.2 வோல்ட், 4 ஓமுக்கு ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், பிரிட்ஜில் 19 வாட். கரண்ட் கூடும்போது ஐசிக்குள்ளேயே வோல்ட் விழுவதால் மூன்று மடங்கோடு நின்றுவிடுகிறது. அது 5 டெசிபல் உயர்வு. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதோடு ஒவ்வொரு பாதிக்கும் அந்த 4 ஓம் ஸ்பீக்கர் 2 ஓமாகவே தெரியும். சிறிய ஹீட்சிங்க் அந்தச் சூட்டைத் தாங்காது.

காரில் 12 வோல்ட்டுக்கு மேல் எங்கே போவது என்று கேட்பது நியாயம். சப்ளையை உயர்த்த வழியில்லாத இடத்தில் பிரிட்ஜ்தான் சரி. ஸ்டீரியோவில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் முன்னால் வைக்கும் பெரிய கப்பாசிட்டரும் அங்கே தேவையில்லை, இரு முனைகளும் பாதி சப்ளையிலேயே நிற்பதால். வீட்டில் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றலாம் என்பதால் கணக்கு வேறு. 3886 ஐசிகள் இரண்டை வைத்து நேஷனல் செமிகண்டக்டர் தன் 1192-ஆம் அப்ளிகேஷன் நோட்டில் இரண்டு சர்க்யூட்டுகளைத் தந்தது: 8 ஓமுக்குப் பிரிட்ஜ், 4 ஓமுக்குப் பேரலல். இரண்டிலும் 100 வாட்தான். பேரலலில் வோல்ட் உயராது. கரண்டையும் சூட்டையும் இரு ஐசிகளும் பங்கு போட்டுக்கொள்ளும். அதற்கு இரண்டின் கெயினும் நன்றாக ஒத்திருக்க வேண்டும், ஒவ்வொரு அவுட்புட்டிலும் 0.1 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். இவை இல்லையென்றால் ஒரு ஐசி மற்றதற்குள் கரண்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

பிரிட்ஜும் வேண்டாம், பேரலலும் வேண்டாம் என்றால் மிஞ்சியது வீண்தானே என்று கேட்கலாம். சாதாரண வீட்டு அறைக்கு எனக்குப் பிடித்த வழி வேறு. ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே சிக்னலை கிராஸ்ஓவரால் பிரித்து, ஒரு பாதியை வூஃபருக்கும் மறு பாதியை டிவீட்டருக்கும் கொடுத்துவிட வேண்டும். தவில் அடியில் வூஃபர் பக்கம் கிளிப் ஆனாலும் அந்தக் கரகரப்பு டிவீட்டரைத் தொடாது. நாகஸ்வரம் தெளிவாகவே கேட்கும். வாட் கூட்டித் தராத தெளிவு இது. டிவீட்டருக்குத் தொடராக ஒரு கப்பாசிட்டர் கட்டாயம் இருக்கட்டும்: அது இல்லையென்றால் டிசி பாய்ந்து மெல்லிய வாய்ஸ் காயில் நொடியில் கருகிவிடும். இதற்கும் இடமில்லை என்றால், மிஞ்சிய பாதியின் இன்புட்டைக் கப்பாசிட்டர் வழியாகக் கிரவுண்டில் கட்டிவிட்டு அப்படியே விட்டுவிடலாம்.