பென் டிரைவில் இடமிருந்தும் படம் ஏறாதது ஏன்?

நாற்று விடுவது முதல் அறுவடை வரை வயலில் நடப்பதைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் தொகுத்து, ஊர்க் கூட்டத்தில் டி.வி.யில் போட்டுக் காட்டும் உழவர் குழுக்கள் உண்டு. தொகுத்த படத்தைப் பென் டிரைவில் ஏற்றும்போது இவர்களுக்கு ஓர் இடைஞ்சல் ஏற்படுவதுண்டு. 32 ஜி.பி. பென் டிரைவ் காலியாக இருக்கும்; படம் 5 ஜி.பி. தான். இருந்தும் 'பைல் மிகப் பெரியது' என்று கம்ப்யூட்டர் மறுத்துவிடும். பென் டிரைவ் பழுது என்று எண்ணி வேறொன்று வாங்குவது வீண் செலவு.

காரணம்

களஞ்சியத்தில் எவ்வளவு இடமிருந்தாலும் 75 கிலோ சாக்கில் 100 கிலோ நெல்லை அடைக்க முடியாது. இங்கும் அதே கதைதான். 32 ஜி.பி. வரையுள்ள பென் டிரைவ், மெமரி கார்டுகளில் பெரும்பாலானவை 'ஃபேட் 32' என்ற முறையில் அமைக்கப்பட்டு வருகின்றன. 1996-ல் வந்த இம்முறையில், ஒவ்வொரு பைலின் அளவையும் குறித்து வைக்க 32 இலக்கங்களுக்கே இடம் உண்டு. 0, 1 என்ற இரண்டு எண்களை மட்டும் கொண்டு 32 இலக்கங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. ஒரு பைல் இத்தனை பைட்டுக்கு, அதாவது சுமார் 4 ஜி.பி.க்கு மேல் போக முடியாது.

முன்கூட்டியே கணக்கிடலாம்

தொகுப்பு முடிந்து படத்தை வெளியே எடுக்கும்போது 'பிட் ரேட்' எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கேட்கும். அந்த எண்ணை 8-ஆல் வகுத்தால், ஒரு வினாடிப் படத்துக்கு எத்தனை எம்.பி. ஆகும் என்பது தெரியும். 12 என்று வைத்தால் வினாடிக்கு 1.5 எம்.பி.; ஒரு மணி நேரப் படம் 5,400 எம்.பி. இது ஏறாது. 8 என்று வைத்தால் அதே படம் 3,600 எம்.பி. தான். தடையின்றி ஏறும். ஊர்க் கூட்டத்தில் காட்ட இந்தத் தெளிவு போதும்.

வேறு வழிகள்

1. படத்தைப் பகுதிகளாகப் பிரிக்கலாம். நாற்றங்கால், நடவு, களை எடுப்பு, அறுவடை எனத் தனித்தனியாக வைத்தால் பார்ப்பவர்களுக்கும் நல்லது. 2006-ல் பெங்களூரில் தொடங்கிய 'டிஜிட்டல் கிரீன்' திட்டத்திலும், உள்ளூர் விவசாயிகளை வைத்து எடுத்த சிறு படங்களையே குழுக்களில் காட்டி, இடையில் நிறுத்திக் கேள்வி கேட்டு விளக்கினார்கள்.

2. பென் டிரைவை 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றலாம். 2006-ல் வந்த இம்முறையில் 4 ஜி.பி. தடை இல்லை. ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய டி.வி.க்கள் சில இம்முறையை ஏற்பதில்லை. ஆகவே கூட்டத்துக்கு முந்தைய நாளே அதே டி.வி.யில் போட்டுப் பார்ப்பது அவசியம்.

'ஜிப்' செய்து அளவைக் குறைக்கப் பார்ப்பதில் பலன் இல்லை. வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். தீட்டிய அரிசியை மறுபடி அரைவைக்குக் கொடுத்தால் இன்னும் உமியா வரும்?

கார்டை அழிக்கும் முன்

ஃபேட் 32 கார்டு உள்ள கேமராக்கள் பல, 4 ஜி.பி. நிறைந்ததும் தாமாகவே அடுத்த பைலைத் தொடங்கிவிடும். பிட் ரேட் 17 உள்ள கேமராவில் சுமார் 33 நிமிடத்துக்கு ஒரு பைல் முடியும். ஒரே மூச்சில் எடுத்த படம் இவ்வாறு இரண்டு மூன்று பைல்களாகக் கிடக்கும். முதல் பைலை மட்டும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுக் கார்டை அழித்தால் மீதிப் படம் போயிற்று. ஆகவே எல்லாப் பைல்களையும் பெயர் மாற்றாமல் பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் கடைசி வரை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். தொகுக்கும்போது வரிசை எண்படி அடுத்தடுத்து வைத்தால் படம் ஒட்டிக்கொள்ளும்.

பூச்சி தாக்கிய நாளையும் கதிர் வந்த நாளையும் விரும்பியபோது திரும்ப எடுக்க முடியாது. படம் தவறினால் அடுத்த போகம் வரை காத்திருக்க நேரும். எனவே மூலப் படத்தின் பிரதி ஒன்றைக் கம்ப்யூட்டரிலும் இன்னொன்றைத் தனிக் கார்டிலும் வைத்திருப்பது நல்லது.