கடை திறக்கும் முன் பத்து நிமிடம்



நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கோரி வரும் மனுக்களில், வேலை செய்யும் இடத்தில் பட்ட காயத்துக்காக வருபவையும் உண்டு. எண்ணெய் கொட்டிய கை, கிரைண்டரில் அடித்த ஷாக், ஈரத்தரையில் வழுக்கி முறிந்த இடுப்பு. பெரும்பாலும் ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் பிரியாணிக் கடை, டீக்கடை, பேக்கரிகளில் நடந்தவை. சம்பாதிப்பவர் மூன்று மாதம் படுத்துவிட்டால் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கடனாகிவிடுகின்றன. நாம் தரும் தொகை மருந்துச் செலவுக்கே சரியாகிவிடுகிறது.

விசாரித்தால், பழுது முன்பே கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். எனவே ஷட்டரைத் திறந்ததும் வியாபாரம் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிடுங்கள்.

கேஸ்: சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் மேலே ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது, தரையை ஒட்டியும் காற்று போக வழி வேண்டும். டியூபில் வெடிப்பு இருந்தால் அன்றே மாற்றுங்கள். கசிவைச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சி வேண்டாம். காலையில் வாடை வந்தால் லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் போடவோ அணைக்கவோ கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும் தீப்பிடிக்க. சிலிண்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, அனைவரும் வெளியே வந்து 1906 எண்ணுக்குப் பேசுங்கள். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

எண்ணெய்: சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை முகத்தில் வாரி அடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் மூடுங்கள். சட்டியை நகர்த்த வேண்டாம். அந்த மூடி எப்போதும் அடுப்புக்கு அருகிலேயே இருக்கட்டும்.

மின்சாரம்: எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட்டால் சரியாக இருக்கிறது. கிரைண்டர், ஃப்ரீசருக்கு எர்த் உள்ள மூன்று பின் பிளக் அவசியம்.

கொத்துக்கறி மெஷின், தரை: மெஷினுக்குள் கறியைக் கட்டையால் தள்ளுங்கள், விரலால் கூடாது. கழுவும்முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சிந்திய எண்ணெயைச் சிந்திய உடனே துடையுங்கள்.

தீக்காயம் பட்டால், அந்த இடத்தில் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓடட்டும். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வைக்காதீர்கள். மோதிரம், வாட்ச் இருந்தால் வீங்கும்முன் கழற்றுங்கள். காயம் பெரிதென்றால் 108.

இவ்வளவும் சொன்ன பிறகு முதலாளிமார்களிடம் ஒரு வேண்டுகோள். பழுதை முதலில் காண்பவர் பெரும்பாலும் பாத்திரம் கழுவும் பையன்தான். சொன்னால் திட்டு விழும் என்று பேசாமல் இருந்துவிடுகிறான். தினமும் நீங்களே கேளுங்கள்: "எங்கயாவது ஷாக் அடிக்குதா? எது வழுக்குது?" அவன் சொன்னதை அன்றே சரிசெய்தால் மறுநாள் கேட்காமலே சொல்வான். வேலைக்கு வருபவர் வீடு திரும்பும்வரை அவருடைய குடும்பம் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

வீட்டிலிருக்கும் தாய்மார்களும் கணவரிடமும் பிள்ளைகளிடமும் கடையில் டியூப் எப்படி இருக்கிறது, பிளக் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டிக் கல்லாப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் மகிழ்வோம். அல்லாஹ் நம் உழைப்பாளிகள் அனைவரையும் பாதுகாப்பானாக.

– செயலாளர்